மௌங்ககியேகியே நாட்குறிப்பு

ஜூன் 4
இரவு முழுக்கக் காற்று. ஆக்லாந்தின் இந்த மௌங்ககியேகியே குன்றின் உச்சியில், 2016-ல் நட்ட அந்த ஒன்பது கன்றுகள் என்ன பாடு படுகின்றனவோ.

ஜூன் 5
இந்தக் குன்றுப் பூங்காவைக் கொடுத்த ஜான் லோகன் கேம்ப்பெல் எடின்பரோவில் மருத்துவம் முடித்தது 1839-ல். கப்பல் மருத்துவராகக் கிளம்பியவர், அடுத்த ஆண்டே வில்லியம் பிரவுனுடன் மொட்டுகொரேயா தீவை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளிடம் வாங்கிப் பன்றி வளர்த்தார். 1840 டிசம்பரில் ஆக்லாந்து கரையில் கூடாரம் போட்டு வியாபாரம். 1844-ல் பிரிட்டனுக்கு நேரடியாகச் சரக்குக் கப்பல்.

ஜூன் 7
இந்தக் கணக்கை விட்டுவிட்டு அவரைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. ஆக்லாந்துக்கு அரசு ங்காட்டி ஃபாத்துவா என்ற மவோரி இனக்குழு மக்களிடம் வாங்கியது ஏறக்குறைய 3,000 ஏக்கர். கொடுத்தது 50 பவுண்டு ரொக்கம், 50 போர்வை, 20 கைக்கோடரி, 10 இரும்புப் பானை, புகையிலை, இன்னும் சில சாமான். 1841 ஏப்ரல் ஏலத்தில் வெறும் 44 ஏக்கர் 24,275 பவுண்டுக்குப் போனது. பிரவுன் - கேம்ப்பெல் மனை எடுத்ததும் அந்த ஏலத்தில்தான். நெஞ்சு ஆறவில்லை.

ஜூன் 8
மழை.

ஜூன் 10
1901-ல் இதே நாளில், 83 வயதில், இளவரசர் வருகைக்காகச் சில மாதம் மேயராக இருந்த கேம்ப்பெல், சுமார் 230 ஏக்கரை மக்களுக்குக் கொடுத்தார்: கார்ன்வால் பார்க். மனை மனையாக விற்றிருக்கலாம். நகராட்சியிடம் விடாமல் அறக்கட்டளை வைத்தார், அதுதான் வியாபாரி மூளை. சுற்றியுள்ள வீட்டுமனைகளின் குத்தகையில் பூங்கா நடக்கிறது. சிக்கலும் அங்கேயே: தரைவாடகை 21 ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும், இடையில் நிலவிலை ஏறினால் வாடகை ஒரேயடியாகத் தாவும். வீட்டையே விட்டுப் போனவர்கள் உண்டு.

ஜூன் 13
மறுபடி மரம். உச்சியில் நின்ற பழைய மரத்தைக் குடியேறிகள் 1852-ல் வெட்டினார்கள். 1870-களில் கேம்ப்பெல் உள்ளூர்க் கன்றுகளை நட்டு, காற்றுத் தடுப்பாகச் சுற்றிலும் பைன் வைத்தார். காவலுக்கு வைத்தது நின்றது, காக்கவேண்டியது பட்டுப்போனது. 182 மீட்டர் எரிமலைக் குன்று. ஒதுங்க இடமில்லாத காற்றில் பைன் விறுவிறுவென எழும், டோட்டாரா என்ற உள்ளூர் மரம் மெல்லத்தான் வரும். கடைசிப் பைனில் 1994-ல் சங்கிலி ரம்பம் பாய்ந்தது, 2000-ல் அகற்றினார்கள். 2016-ல் டோட்டாராவும் பொஹுடுகாவா என்ற இன்னொரு உள்ளூர் மரமுமாக ஒன்பது கன்று நட்டார்கள். இந்தத் தடவை வேலி உண்டு, சுற்றிலும் தாழ்வான புதர் உண்டு. இதுதான் சரியான முறை. தடுப்புச் செடி கன்றை மிஞ்சக்கூடாது.

ஜூன் 14
உச்சித் தூணுக்கு கேம்ப்பெல் உயிலில் எழுதியது 5,000 பவுண்டு, மவோரிகளின் நினைவாக. கட்டி முடிந்தது 1940. போர் நடக்கும்போது திறப்பது மவோரி முறையில்லை என்று 1948 வரை காத்திருந்தார்கள். தூணுக்கடியில் அவர் கல்லறை.