பார்க்கும் கிரகமும் பேசும் வாயும்

ஜூன் 8, 2025

பாலக்கோட்டு ஐயாவிடம் இன்றைக்கு ஜோதிடப் பாடம் முழுக்கப் பார்வைதான்; ஒரு கிரகம் தான் இருக்கும் வீட்டை ஒன்றாக வைத்து எண்ணினால் எத்தனையாவது வீட்டைப் பார்க்கிறது என்பது. ஏழாம் பார்வை எல்லாருக்கும் உண்டு. அதுபோக செவ்வாய்க்கு 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. ஒருவர் பேச்சு எப்படி என்று தெரிய, புதனையும் வாக்கு ஸ்தானமான இரண்டாம் வீட்டையும் யார் பார்க்கிறார் என்று எண்ணிப் பார் என்றார். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அதனால் அவர்களுக்குள் சேர்க்கைதான் உண்டு, பார்வை கிடையாது.

ஜூன் 10

அண்ணன் வீட்டில் ராத்திரி ராகிக் களி. அண்ணி துடுப்பால் கிண்டிக்கொண்டிருக்க, பையன் வாசற்படியில் நின்று, "காமர்ஸ் எடுக்கட்டுமா வேணாமா? வாயத் திறந்து சொல்லேம்மா" என்று மூன்று தடவை கேட்டான். பதில் இல்லை. கோபமாகி வெளியே போய்விட்டான். அண்ணி களியைத் தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்து முடித்த பிறகு சொன்னார்: "காமர்ஸே எடுக்கட்டும். அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." கேட்க அவன் அங்கே இல்லை.

ஜூன் 11

இரண்டு ஜாதகத்தையும் போட்டேன். அண்ணி 1981 மாசி, ரிஷப லக்னம், அதாவது முதல் வீடு ரிஷபம். அந்த வருஷம் சனியும் குருவும் கன்னியில் ஒன்றாக இருந்தார்கள். கன்னியிலிருந்து சனியின் பத்தாம் பார்வை மிதுனத்தில், அதாவது அவருடைய வாக்கு ஸ்தானத்தில் விழுகிறது. குருவின் ஒன்பதாம் பார்வை லக்னத்துக்கு. சனியால் நிதானித்து, குருவால் நல்லதாக ஒரே பதில்.

பையன் 2009 ஆவணி. கன்னியில் உச்ச புதன், முழு பலம். மிதுனச் செவ்வாய் நாலாம் பார்வையாகப் பார்க்கிறார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும்; அதே வேகத்தில் எதிராளியும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பான். 'செவ்வாய் பார்வையா, வாய் கெட்டவன்' என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடும் ஜோசியர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. ஒரு பிள்ளைக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகுமா?

ஜூன் 15

அதியமான்கோட்டை காலபைரவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஔவையார் நினைவு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், உன் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசி அரண்மனையில் பளபளக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னார். புறநானூறு 95. ஆயுதமும் போரும் செவ்வாயின் சங்கதி. அதைக் குருவின் வாயால் சொல்லியிருக்கிறார். புகழ்ந்த மாதிரியே எச்சரிக்கை. எத்தனை தரம் படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஜூன் 18

பையனை உட்காரவைத்துக் கட்டங்களை விரலால் எண்ணச் சொன்னேன். அம்மா பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை, அவர் பதில் சொல்லும் விதமே அது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தை, என் புதனைச் செவ்வாய் மட்டும்தான் பார்க்குதா?" என்றான்.

மகரத்திலிருந்து எண்ணச் சொன்னேன். ஒன்பதாவது கட்டம் கன்னி. மகரத்தில் இருக்கும் குரு நீசம், பலம் குன்றியவர்; போதாததற்கு வக்ரமும், பின்னோக்கிய நடை. ஆனாலும் குருவின் பார்வை புதன் மேல் இருக்கிறது. பென்சிலை வாங்கி மகரத்திலிருந்து கன்னிக்கு அவனே கோடு போட்டான்.