என்ன மேஜர் எடுக்க?

எந்தக் கல்லூரி என்று அலைவதற்கு முன்னால், எடுக்க நினைக்கும் மேஜரின், அதாவது முதன்மைப் பாடத்தின், பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். நம்ம திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். சேவியர்ஸ், சதக்கத்துல்லா அப்பா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தனியாகப் போட்டிருக்கும். முதல் வருஷத்தை விட்டுவிடுங்கள், அதில் தமிழும் இங்கிலீஷும் நிறைய இடம் பிடித்துக்கொள்ளும். ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் என்ன தாள், எத்தனை பிராக்டிகல், புராஜெக்ட் உண்டா என்று பாருங்கள். பையனுக்கோ பிள்ளைக்கோ அந்தத் தாள்களின் பெயரைப் படித்தாலே கொட்டாவி வந்தால் அந்த மேஜர் வேண்டாம்.

நம்ம பக்கம் அதிகம் பேர் மாட்டுவது பட்டத்தின் பெயரில்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வாத்தியார் வேலை அப்படியில்லை. அறிவிப்பில் கேட்ட பாடத்திலேயே பட்டம் வேண்டும். புதுசு புதுசாகப் பெயர் வைத்த படிப்பென்றால், அது இன்ன பாடத்துக்கு இணை என்று அரசாணை இருக்க வேண்டும். சேரும் முன்பே அலுவலகத்தில் அந்த அரசாணை எண்ணைக் கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதாம்லே” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். முதுகலை ஆசிரியர் பணிக்கு யுஜி, பிஜி இரண்டும் ஒரே பாடமாக இருக்கணும். பி.காம். முடித்து எம்.ஏ. இங்கிலீஷுக்குத் தாவுகிறவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்புவது இதனால்தான்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. 90, 80, 84 எடுத்தால் 90+40+42, ஆக 172. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னாரென்று எல்லாரும் ஏஐ, டேட்டா சயின்ஸ் பக்கமே ஓடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலேயே முதல் வருஷம் பைத்தான் என்ற நிரல் மொழி எல்லாப் பிரிவுக்கும் இருந்தது, அதற்காகவே ஏஐ எடுக்க வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலை, கூடங்குளம் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலேயே இருப்பவை டிரிபிள் ஈ (மின்னியல், மின்னணுவியல்), மெக்கானிக்கல் படித்தவர்களைத் தேடும் இடங்கள். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கல்லூரிகளின் தரம் பார்க்க நாக், என்பிஏ என்று இரண்டு அமைப்பு உண்டு. நாக் கிரேடு மொத்தக் கல்லூரிக்கு, என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. வாசல் பலகையில் என்பிஏ என்று பார்த்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த வருஷம் வரை என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்றால், உங்கள் மேஜரில் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.