எலிக்குட்டியின் விலாவை எண்ணத் தெரியுமா? என் எம்.ஃபார்ம் வைவா அனுபவம்

சினை எலிக்கு வால்புரோயேட் கொடுத்தால் குட்டியின் எலும்புக்கூடு என்ன ஆகிறது என்பதுதான் பார்மகாலஜியில் என் தீசிஸ். வலிப்பு மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரிந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதோ, கர்ப்பிணிகள் சாப்பிட்டு, குட்டைக் கை கால்களோடு குழந்தைகள் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் கதையை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது, 1961-இல் திரும்பப் பெற்றார்கள், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று ஒப்பித்தேன்.

"சரிம்மா, அதையே எலிக்குக் கொடுத்தா?"

"கை கால் குட்டையாகும் சார்."

கேள்வி கேட்ட எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பேனாவை மூடி வைத்துவிட்டார். எலியிலும் சுண்டெலியிலும் அந்தக் கை கால் குறைபாடு வருவதில்லை; முயலிலும் குரங்கிலும்தான் வரும். தாலிடோமைடு போய் ஒட்டும் புரதம் செரிப்ளான் என்று 2010-இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டுபிடித்தது. கொறிக்கும் பிராணிகளில் அந்தப் புரதத்தின் அமைப்பு கொஞ்சம் வேறு. ஒரு மருந்தை எலியோடு முயலிலும் சோதிக்கச் சொல்வது ஏன் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இதைப் படிக்காமல் யாரும் வைவாவுக்குப் போகாதீர்கள்.

இனி லேப். காலையில் பெண் எலியின் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த ஸ்மியரில் விந்தணு தெரிந்தால் அன்று சினையின் 0-ஆம் நாள். உறுப்புகள் உருவாகும் 6 முதல் 15-ஆம் நாள் வரை மருந்து கொடுத்து, 20-ஆம் நாள் குட்டிகளை வெளியே எடுத்தேன். 95 சதவீத எத்தனால், தோலும் உள்ளுறுப்பும் நீக்கல், கொழுப்புக்கு அசிட்டோன், குருத்தெலும்புக்கு அல்சியன் புளூ, எலும்புக்கு அலிசரின் ரெட், தசை கண்ணாடி போலத் தெளிய 1 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் கிளிசரின். இந்த வரிசை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

என் சீனியர்கள் சொல்லாமல் விட்டது வேறு. அல்சியன் புளூ கரைசலில் அசிட்டிக் அமிலம் உண்டு. அதில் அதிக நேரம் கிடந்தால் எலும்பின் கால்சியம் கரையும். அலிசரின் ஒட்டக் கால்சியம் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மருந்து கொடுத்த குழுவில் ஒரு தாயின் குட்டிகள் அத்தனையும் வெளிறிப்போய் இருந்தன. "எலும்பாதல் தாமதம்" என்று நோட்டில் பெருமையாக எழுதியும் விட்டேன். கைடு கேட்டது ஒன்றே ஒன்று: "அதே தேதியில அதே பாட்டில்ல கண்ட்ரோல் குட்டி போட்டியா?" மருந்து கொடுக்காத தாயின் குட்டிதான் கண்ட்ரோல்; அதைப் போடவில்லை. அந்தக் குட்டிகள் கணக்கிலிருந்து போயின. இரண்டு குழுவையும் ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே மணிக்கணக்கில் சாயமேற்றுங்கள். இன்னொன்று: லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மையை எத்தனால் தின்றுவிடும்.

மைக்ரோஸ்கோப்பில் உட்காருமுன் கண்ட்ரோல் குட்டிகளை மட்டும் ஒரு வாரம் பார்த்தேன். என் தீசிஸில் உருப்படியாகச் செலவான வாரம் அதுதான். கழுத்தில் 7 முள்ளெலும்பு, மார்பில் 13, இடுப்புக்கு மேல் 6. விலா 13 ஜோடி. மார்பெலும்பு 6 துண்டு; அதில் 5-ஆவது பெரும்பாலும் பிந்தித்தான் சிவக்கும். இது கண்ணில் பதியாமல் போனால் பார்ப்பதெல்லாம் ஊனமாகவே தோன்றும். விலா அலை போல நெளிந்திருப்பதும், மார்பெலும்புத் துண்டு சிவக்காமல் இருப்பதும் பெரும்பாலும் வேறுபாடுகள்தாம். குட்டி வளரும்போது சரியாகிவிடலாம். முள்ளெலும்புகள் ஒட்டிக்கொள்வது, நீண்ட எலும்பே இல்லாமல் போவது குறைபாடு. இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டாதீர்கள்.

தாயின் எடைச் சார்ட்டைத் தீசிஸோடு எடுத்துப் போங்கள். "தாய் எலியே இளைச்சிருக்கே, இது மருந்து வேலையா, பட்டினி வேலையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். தாய் சரியாகத் தின்னாவிட்டால் குட்டி சிறுக்கும், சிறுத்த குட்டியின் எலும்பும் பிந்தும்.

நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது புள்ளியியலில். 6 தாய், 58 குட்டி; எண்ணிக்கை 58 என்று போட்டிருந்தேன். மருந்து கொடுத்தது தாய்க்கு. ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆக எண்ணிக்கை 6தான். கருவுக்கு வரும் பாதிப்பைச் சோதிப்பதற்கான சர்வதேச ஓ.இ.சி.டி. 414 வழிகாட்டுதல் ஒரு குழுவுக்குச் சுமார் 20 சினை விலங்கு கேட்கிறது. நம் கல்லூரிகளில் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அத்தனை வாங்குவது லேசில்லை. 6 வைத்துச் செய்தால் 6 என்று எழுதி, முடிவையும் அந்த அளவுக்கே சொல்லுங்கள்.

கடைசியில் எக்ஸ்டெர்னல் ஒரு பாட்டிலை எடுத்து, லேபிளை விரலால் மறைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ணு." வலப்பக்கம் 13. இடப்பக்கம் 13, அதற்கும் கீழே அரிசி முனை அளவுக்கு ஒரு 14-ஆவது.

"கண்ட்ரோலா, மருந்து கொடுத்ததா?"

"இந்த ஒரு குட்டியை வச்சு சொல்ல முடியாது சார். கண்ட்ரோல்லயும் இது வரும்."

மூடிய பேனாவைத் திறந்தார்.