ஒடியல் பிட்டும் 672 ஸ்ட்ரிப்பும்

ஆய்வறிக்கையில் அது ஒன்றரைப் பக்கம். 12 பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம், இரண்டு மணித்தியாலம் இரத்தச் சீனி அளந்தோம், வரைபு கீறினோம் என்று முடிந்துவிடும். அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு எனக்கு 14 மாதம் போனது. அதில் 5 மாதத்தைத் தின்றது ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் இருந்த ஒரேயொரு சொல். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதே வேலையைத் தொடங்க யாராவது யோசித்தால் அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

முதுமாணிப் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு, ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் அவிக்கும் பிட்டின் கிளைசெமிக் சுட்டெண், சுருக்கமாக ஜி.ஐ., அதாவது ஒரு சாப்பாடு இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண். எங்கள் ஊரில் சீனி வருத்தம் என்று யாராவது சொன்னால் போதும், "ஒடியல் மாப் பிட்டு அவிச்சுச் சாப்பிடுங்கோ" என்று பக்கத்து வீட்டில் இருந்து மருந்துச் சீட்டு வந்துவிடும். அது உண்மையா என்று அளந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட அரிசிமாப் பிட்டு. முறை ஜி.ஐ. அளப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 26642 இல் தெளிவாக இருக்கிறது: சுகதேகிகள் 10 பேராவது வேண்டும், இரவு முழுக்க வெறும் வயிறு, சமிபாடடையக்கூடிய மாச்சத்து 50 கிராம் வரும் அளவுக்குச் சாப்பாடு, 0, 15, 30, 45, 60, 90, 120 ஆவது நிமிடங்களில் விரலில் குத்து. ஒப்பீட்டுக்குக் குளுக்கோஸ் 50 கிராம், அது இரண்டு தடவையாவது. வாசிக்கும்போது சமையல் குறிப்பு மாதிரித்தான் இருந்தது.

மாவிலேயே முதல் பிழை விட்டேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது காணாது" என்றார். நான் காது கொடுக்கவில்லை. அவித்துப் பழகியதிலேயே அரைவாசி முடிந்தது. திரும்பப் போனால் அதே கடை, அதே கடைக்கார அம்மா, ஆனால் மா வேறு. நிறம் மங்கல், கசப்புக் கூட. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாவையும் வாய்க்கு இன்னொரு மாவையும் கொடுத்தால் முழு வேலையும் குப்பை. அதனால் தை பிறந்து கிழங்கு கிண்டும் காலம் வரும்வரை காத்திருந்து, புது ஒடியலில் 6 கிலோ ஒரேயடியாக இடிப்பித்து, கலந்து, காற்றுப் புகாத டப்பாக்களில் போட்டு வைத்தேன். மாரி மழையில் மாவை வெறும் பையில் வைத்தால் ஈரம் ஏறி நிறையே மாறிவிடும்.

அடுத்தது கசப்பு. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, துணியில் பிழிந்துதான் அவிப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்: "கசப்புப் போகுமட்டும்." இதை அப்படியே ஆய்வுத் திட்டத்தில் எழுத முடியாது. ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்து நச்சு விளைவுகளைக் கண்ட இலங்கை ஆய்வு ஒன்று 1971 இலேயே வந்திருக்கிறது. அதனால் அறநெறிக் குழு இதைக் கட்டாயம் கேட்கும் என்று மேற்பார்வையாளர் எச்சரித்தார். கேட்டார்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் குசினியில் நிற்கவைத்து, நான் பக்கத்தில் தராசு, அளவுச் சாடி, மணிக்கூட்டோடு இருந்து அவருடைய கைப்பக்குவத்தை எண்களாக ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: மா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம், எத்தனை தரம். நீத்துப்பெட்டியில் போட்ட பிறகு ஆவி வந்த நேரம்கூட. "என்னை ஆரும் இப்பிடிப் பரீட்சை வைக்கேல்லை" என்று சிரித்தார். அந்த ஒரு தாள்தான் கடைசிவரை என்னைக் காப்பாற்றியது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம்.

50 கிராம் மாச்சத்து என்பதை எப்படி எடுப்பது? மொத்த மாச்சத்தில் இருந்து நாரைக் கழிக்க வேண்டும். மொத்த மாச்சத்தைக் கணக்கிட நிறையில் இருந்து கழிக்கும் ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு நான்கையும் இங்கேயே அளந்துகொண்டேன். உலர்த்தும் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு தரம் கரண்ட் போனதைத் தவிர சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. நாருக்கு மட்டும் நொதியங்கள் வேண்டும், விலையும் கூட. அதனால் கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் செய்விக்கலாம் என்று முடிவெடுத்தோம். பிட்டை அவித்து, நிறுத்து, உலர்த்தி, திரும்ப நிறுத்து, அரைத்து, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். விடியப்புறம் இறங்கி, முகம் கழுவி, எட்டரைக்கு வாசலில் நின்றேன்.

"எவ்வளவு கொண்டு வந்திருக்கிறீங்க, தங்கச்சி?"

"இருநூற்றைம்பது கிராம்."

"அரைக் கிலோ வேணும். போர்மில இருக்குதே."

எனக்கு மின்னஞ்சலில் வந்த போர்மில் ஒரு பக்கம்தான் இருந்தது. அவருடைய மேசையில் இருந்ததில் இரண்டு பக்கம். அரைக் கிலோ என்ற வரி இரண்டாம் பக்கத்தில். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அன்று இரவே அதே மடியில் அதே பொதியோடு வீடு திரும்பினேன். பக்கத்துச் சீட்டில் இருந்த ஐயா, "கொழும்பிலை இருந்து என்ன பிள்ளை சாமான்?" என்று கேட்டார். "பிட்டு" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாம் முறை 600 கிராம் கொடுத்தேன். ஆறு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. "ஃபைபர்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண், கீழே முத்திரை. எண் சின்னதாக இருந்தது. நான் சந்தோசமாகக் கழித்து, பெருக்கி, ஓர் ஆளுக்கு எத்தனை கிராம் பிட்டு என்று கணக்குப் போட்டு, அதை அறநெறி விண்ணப்பத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒடியலைப் பல்லில் கடித்த எவருக்கும் அதில் எவ்வளவு தும்பு இருக்கும் என்று தெரியும். "இது எந்த முறையில் செய்தது?" என்று கேட்டார். நான் போன் எடுத்தேன்.

"நார் கேட்டீங்க, நார் செய்து தந்திருக்கிறம்" என்றார்கள்.

அவர்கள் செய்தது குறூட் ஃபைபர். நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, பிறகு காரத்தில் கொதிக்கவைத்து, எஞ்சியதை நிறுப்பது. மாட்டுத் தீவனத்துக்கு அந்தக் காலத்தில் இருந்து பார்த்துவருவது. கரையக்கூடிய நார் அதில் போய்விடும், அரைச்செலுலோசில் பெரும்பகுதியும் போய்விடும். எனக்கு வேண்டியது டயட்டரி ஃபைபர், நொதியங்களைக் கொண்டு மாப்பொருளையும் புரதத்தையும் கரைத்தெடுத்து அளப்பது. இரண்டும் ரிப்போர்ட்டில் "ஃபைபர்" என்றே வரும். போர்மிலும் ஒரே பெட்டிதான், நான் அதில் புள்ளடி போட்டிருந்தேன். சட்டப்படி பிழை என்னுடையது. ஆனாலும் மனிதச் சாப்பாடு, ஜி.ஐ. ஆய்வு என்று கடிதத்தில் எழுதியும் கொடுத்திருந்தேனே, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

இதில் பயங்கரம் என்னவென்றால், யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் முடிவு மிக அழகாக வந்திருக்கும். நாரைக் குறைத்துக் கழித்தால் மாச்சத்துக் கூடுதலாகத் தெரியும். மாச்சத்துக் கூட என்று நினைத்தால் பிட்டைக் குறைத்துக் கொடுப்போம். வாய்க்குள் போவது 50 கிராமுக்கும் குறைவு. சீனி கொஞ்சமாகத்தான் ஏறும். ஜி.ஐ. குறைவாக வரும். 55 அல்லது அதற்குக் கீழே என்றால் "குறைந்த ஜி.ஐ." என்று பெயர் வைத்து, ஒடியல் நல்லது என்று நானும் ஒரு மேடையில் நின்று சொல்லியிருப்பேன். ஊரே கைதட்டியிருக்கும்.

ஆகவே மாதிரி கொடுக்கும்போது "நார்" என்று மட்டும் எழுதாதீர்கள். டயட்டரி ஃபைபர் என்று எழுதி, முறையின் எண்ணையும் எழுதுங்கள், ஏ.ஓ.ஏ.சி. 985.29 என்று போட்டால் அவர்கள் வேறொன்றைச் செய்ய முடியாது. கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேலே இருந்தால் முதலில் கொழுப்பை நீக்க வேண்டும். பிட்டில் தேங்காய்ப்பூ இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது தெரிய வழியில்லை. இதையெல்லாம் நான் இரண்டாவது கட்டணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

புது எண் வந்ததும் சாப்பாட்டின் அளவு மாறியது. அளவு மாறினால் அறநெறி விண்ணப்பத்துக்குத் திருத்தம் கொடுக்க வேண்டும். குழு கூடுவது மாதம் ஒரு தரம். கடைசித் தேதிக்கு முதல்நாள் ஃபைலோடு போனால், ஒரு கொப்பியில் கையொப்பம் இல்லை என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பித் தந்தார். கையொப்பம் வைக்க வேண்டியவர் கிளிநொச்சியில். அடுத்த மாதம்.

ஆனால் அந்தக் குழுவை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று என்னைத் திருத்தியது. தமிழ்த் தகவல் தாளைச் சாதாரண ஆளுக்கு வாசிக்கக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். நான் பாடப்புத்தகத் தமிழில் "மயிர்க்குழாய்க் குருதி பெறப்படும்" என்று பெருமையாக எழுதியிருந்தேன். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு என் தலையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, தலைமயிரிலையோ இரத்தம் எடுக்கப் போறியள்?"

"விரல் நுனியில் சின்னதாகக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்போம், ஒரு காலையில் ஏழு தரம்" என்று மாற்றினேன். மாமி "இப்ப விளங்குது, ஆனா நான் வரமாட்டன்" என்றார். அதுவும் ஒரு வகையில் தகவலறிந்த முடிவுதான்.

அனுமதி வந்த பிறகு ஆட்கள் கிடைப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. பெடியள் வந்தார்கள், பெட்டையள் வந்தார்கள். கஷ்டம் வெறும் வயிற்றில்தான். மூன்றாம் நாள் ஒரு தம்பிக்கு முதல் குத்திலேயே எண் வழமையை விட ஏறி நின்றது. ஏதாவது சாப்பிட்டீரா என்று கேட்டேன்.

"ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா. பிளேன்ரீ மட்டும்தான்."

"சீனி போட்டதோ?"

"சீனி போடாமல் ஆர் அக்கா பிளேன்ரீ குடிக்கிறது?"

அன்றைய காலை போய்விட்டது. அன்றிலிருந்து முதல்நாள் இரவு எல்லோருக்கும் போனில் "தண்ணியைத் தவிர ஒன்றும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை" என்று தனித்தனியாகச் சொன்னேன்.

பிட்டுத் தட்டு வைத்தால் அடுத்த அதிர்ச்சி அவர்களுக்கு. கறி இல்லை, சம்பல் இல்லை, வாழைப்பழம் இல்லை. 250 மில்லிலீற்றர் தண்ணீர் மட்டும். 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் ஒத்திகையில் ஒரு தங்கச்சி 22 நிமிடம் எடுத்தார்; விக்கல் வேறு. சேர்மானத்தை மாற்ற முடியாது என்பதால் மாவைக் குழைத்த பிறகு அரிதட்டில் அரித்து உதிரியாக அவித்தோம், தண்ணீரையும் வாய் வாயாகக் குடிக்கச் சொன்னோம். நேரம் சரியாக வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அரிக்காத பிட்டு இனிப் பிடிக்காது.

ஸ்ட்ரிப் (சீனி அளக்கும் மீற்றரில் இரத்தத் துளியை வைக்கும் பட்டி) கணக்கைத் தொடங்க முன்னரே போடுங்கள். 12 பேர், ஆளுக்கு 4 நாள் (குளுக்கோஸ் இரண்டு, ஒடியல் பிட்டு ஒன்று, அரிசிமாப் பிட்டு ஒன்று), நாளுக்கு 7 குத்து. வீட்டு மீற்றரில் ஒரு வாசிப்பை நம்ப முடியாது என்று ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு ஸ்ட்ரிப். மொத்தம் 672. ஐம்பது ஸ்ட்ரிப் போத்தலில் 14 வாங்கினேன். 28 மிச்சம் வரும், தாராளம் என்று நினைத்தேன். குளிரூட்டிய அறையில் விரல் குளிர்ந்து, துளி சின்னதாக வந்து, மீற்றர் பிழை காட்டிக் காட்டி முதல் கிழமையிலேயே 15 போய்விட்டது. கடையில் அதே தொகுதி எண் இல்லை. பிறகு குத்த முன்னர் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைக்க வைத்தேன், பிழை பெரும்பாலும் நின்றது. விரலைப் பிசைந்து பிழியாதீர்கள். இரத்தத்தோடு வேறு நீரும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். கடைசி நாள் கடைசிக் குத்து முடிய 6 ஸ்ட்ரிப் மிஞ்சியது.

மாவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். போன ஞாயிறு அதில் கூழ் காய்ச்சினோம். நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை என்று அம்மா ஒன்றையும் நிறுக்க விடவில்லை. எல்லோரும் பிலாவிலையைக் கோலிக்கொண்டு ஆறுதலாக இருந்து குடித்தார்கள். நான் மட்டும் பழக்கதோசத்தில் 15 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.