நுண்துளையிலிருந்து திறந்த அறுவைக்குத் திரும்பிய ஆண்டு

மகளிர் நல மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற பிறகே மகளிர் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தேன். கருப்பை நீக்கம் எனக்குக் கைவந்தது என்று எண்ணியிருந்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான விரிவான கருப்பை நீக்கத்தில் உதவிக்கு நின்ற முதல் நாளே அந்த எண்ணம் கலைந்தது.

சாதாரண கருப்பை நீக்கத்தில் சிறுநீர்க்குழாயை விட்டு விலகியே வெட்டுகிறோம். புற்றுநோயிலோ கருப்பைவாயின் பக்கத் திசுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால், கருப்பைத் தமனிக்கு அடியில் நுழைந்து செல்லும் அந்தக் குழாயைத் திசுக்களிலிருந்து பிரித்து ஒதுக்கியாக வேண்டும். பார்வைக்கு அது இரத்தக்குழாய் போலவே இருக்கும். இடுக்கியால் மெல்லத் தொட்டால்தான் புழு நெளிவதுபோல் ஓர் அலை அதன்மேல் ஓடும். "நெளிந்ததா?" என்று கேட்பார் என் ஆசிரியர். நெளிந்ததைக் கண்ணால் காணும்வரை கத்தரிக்கோலை நகர்த்த அனுமதிக்க மாட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கதிரியக்கம், மருந்துச் சிகிச்சை, நோய்க்குறியியல் ஆகிய துறைகளிலும் சில மாதங்கள் கழிந்தன. நோய் பக்கத் திசுக்களுக்குப் பரவிவிட்டால் அறுவையைத் தவிர்த்து, கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துத் தருவதே பொருத்தம் என்பதை அங்குதான் மனதார ஏற்றேன்.

பின்னர் வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் நுண்துளை முறையில் அதே அறுவையைச் செய்ய இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுக் கற்றேன். வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்று நோயாளிகளிடம் நம்பிக்கையோடு சொல்லிவந்தேன். 2018-இல், தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோயுள்ள 631 பெண்களிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோயின்றி வாழ்ந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, நுண்துளை முறையில் 86 விழுக்காடு. அந்த அட்டவணையைப் படித்தபோது, அதுவரை நான் அறுவை செய்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொருவரையும் மறுபரிசோதனைக்கு அழைத்தேன்.

அடுத்த வாரம் அறுவைக்கு நாள் குறித்திருந்த பெண்ணிடம் முறையை மாற்றப்போவதாகச் சொன்னேன். "சின்னத் துளை போதும்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டர்?" என்று கேட்டார். ஆம், சொன்னேன் என்றேன். ஆய்வு காட்டிய வேறுபாட்டை விளக்கினேன். தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டார். என் விரலால் மேசைமீது கோடு போட்டுக் காட்டினேன். சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, ஒப்புதல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.