வெளிநாட்டு ராலிக்குப் புறப்படும் முன் பார்க்க வேண்டிய உரிமங்கள்

தென்னிந்திய ராலி என்னும் கார் பந்தயத்தில் ஓடிப் பழகிய சென்னை இளைஞர்கள் சிலர், அடுத்ததாக இலங்கையிலோ மலேசியாவிலோ போட்டியிட விரும்பி யோசனை கேட்கிறார்கள். கார் வாடகை, டயர், சஸ்பென்ஷன் ஆகிய எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கும் அவர்கள், போட்டி உரிமத்தை மட்டும் கடைசி வாரத்தில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இந்தியாவில் கார் பந்தயத்துக்கான உரிமத்தை வழங்குவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் தேசியக் கூட்டமைப்பு. கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விளையாட்டு விதித்தொகுப்பின்படி, வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டியில் ஓட விரும்புபவர் தம் சொந்தக் கூட்டமைப்பின் முன் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாதவரின் நுழைவை ஏற்கும் அமைப்பாளரும் விதியை மீறியவராகிறார். இதை வெற்றுச் சடங்காக நான் கருதவில்லை. அயல்நாட்டில் நாம் ஒரு தவறு செய்தால் நமக்காகப் பதில் சொல்லும் கடமை நம் கூட்டமைப்புக்கு இருப்பதால், நாம் எங்கே ஓடுகிறோம் என்று முன்கூட்டியே அறியும் உரிமையும் அதற்கு உண்டு. ஆகவே காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்பேன்.

சர்க்யூட் எனப்படும் மூடிய தடத்தில் நடக்கும் பந்தயத்திலிருந்து ராலிக்கு வருபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்பெஷல் ஸ்டேஜ்கள் எனப்படும், நேரம் கணக்கிடப்படும் வேகப் பகுதிகளுக்காகச் சாலையை மூடிவிடுவார்கள். ஆனால் ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழியெங்கும் பஸ்ஸும் லாரியும் ஓடும் பொதுச் சாலைதான் என்பதால், அங்கே காரை ஓட்டுபவருக்குப் போட்டி உரிமத்தோடு சாதாரண ஓட்டுநர் உரிமமும் தேவை. பின்லாந்தின் ராலி ஓட்டுநர் கல்லே ரோவன்பெரா சாலை உரிமம் பெறும் வயதை எட்டாத காலத்தில் லாட்வியா சென்று போட்டியிட்டார். அங்கே ஸ்டேஜ்களை அவர் ஓட்ட, பொதுச் சாலைப் பகுதிகளைக் கோ-டிரைவர், அதாவது பக்கத்தில் அமர்ந்து வழி சொல்பவர், ஓட்டினார். 2022இல் 22 வயதில் உலகச் சாம்பியனான அவருக்கே அப்படிப்பட்ட ஏற்பாடு தேவைப்பட்டது. நம் ஊரில் கார் ஓட்டும் உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; வெளிநாட்டுச் சாலைக்கென்று ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் ஓராண்டு வரை செல்லும்.

கோ-டிரைவர் வழி சொல்பவர்தானே என்று அவருடைய உரிமத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அவருக்கும் தனிப் போட்டி உரிமம் வேண்டும். காரைப் போட்டியில் பதிவு செய்பவருக்கு வேறொரு உரிமம் உண்டு. தம் பெயரிலேயே பதிவு செய்யும் ஓட்டுநர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பைக்கில் ஓடுபவர்களுக்கு, பைக் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்.ஐ.எம்.மின் விதிகள் தனியே இருக்கின்றன.

வேலைக்காக வெளிநாட்டில் குடியேறியவர்கள், தாய்நாட்டுக் கூட்டமைப்பு இசைந்தால், அந்நாட்டு உரிமத்தைப் பெறலாம். அப்படிப் பெற்றாலும் எஃப்.ஐ.ஏ. உலகச் சாம்பியன்ஷிப் பட்டியலில் அவருடைய நாடு பாஸ்போர்ட்டில் உள்ளதுதான். அந்த ஏற்பாடு எனக்கு நிறைவளிக்கிறது.

உரிமம் எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும் பொதுவாக டிசம்பர் 31 வரையே செல்லும் என்பதால், டக்கார் என்னும் நெடுந்தூர ராலி போல ஜனவரியில் நடக்கும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் புது ஆண்டின் உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையை முந்தைய ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது.