கருவை அறுக்க எந்த மெஷின்? — விறகு நாட்குறிப்பு

18 ஜனவரி 2025, சனி. திருமங்கலம்

பொங்கல் முடிந்தது, விறகு வெட்டு ஆரம்பம். இப்போது அறுத்து அடுக்கினால் பங்குனி, சித்திரை வெயில் முழுசும் கட்டைக்குக் கிடைக்கும். கொடைக்கானல் போல இங்கே குளிர் காய விறகு வேண்டாம். வெந்நீர் அடுப்பு, நெல் அவிக்கிற அடுப்பு, விசேஷ வீட்டுக் கோட்டை அடுப்பு, இவ்வளவுதான் தேவை. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் விறகு என்றால் பெரும்பாலும் சீமைக்கருவைதான்.

செயின்சா, அதாவது செயின் ஓடி மரம் அறுக்கிற மெஷின் வாங்கக் கடையில் போய் நின்றதும் "எத்தனை சிசி வேணும்ணே?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் டேப்பை எடுத்து மரத்தை அளக்க வேண்டும். பட்டா நிலத்துக் கருவை ஒரே தூரிலிருந்து நாலைந்து கொம்பாகப் பிரிந்து வரும். கொம்பு 4 முதல் 8 இன்ச், தூர் ஒரு அடிக்குள். மணிக்கட்டுத் தடிமன் வரை உள்ள மிளாருக்கு அருவாளே வேகம். மெஷினைக் கிளப்புவதற்குள் பத்துக் கொம்பு கழித்துவிடலாம். ஆக, மெஷினுக்கு உள்ள வேலை 3 இன்ச்சிலிருந்து 12 இன்ச் வரைதான். வாங்குகிற மெஷினை இந்த அளவுதான் முடிவு செய்ய வேண்டும்.

கண்மாய்க்குள் நிற்பது தனிக் கதை. ஏலம் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

19 ஜனவரி, ஞாயிறு

சிசி விவகாரம். மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

30 சிசி வாக்கில்: ஸ்டில் எம்எஸ் 170 இந்த வகை, 30.1 சிசி. தூக்க லேசு. தென்னை மட்டை, முருங்கை, வேம்புக் கிளைக்குப் போதும். காய்ந்த கருவைத் தூரில் வைத்தால் திணறும். திணறுகிறதே என்று அமுக்கினால் கிளட்ச் சூடேறிப் போகும்.

45 முதல் 50 சிசி: எம்எஸ் 250 என்றால் 45.4 சிசி, 2.3 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) செயினும் இல்லாமல் 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா 445 என்றால் 45.7 சிசி. வீட்டு விறகுக்கும், வருஷத்துக்கு இரண்டு மூன்று டன் அறுக்கிறவர்களுக்கும் இதுவே சரி.

70 சிசிக்கு மேல்: மரக்கடைக்காரருக்கும் புளியமரம் சாய்க்கிறவர்களுக்கும். கொம்பு கழிக்க இதைத் தூக்கினால் மத்தியானத்துக்குள் தோள் விட்டுப்போகும். களைத்த கையில் இருக்கிற மெஷின்தான் காலில் இறங்கும்.

இதற்கு நடுவே, பாதி விலையில் 58, 62 என்று ஸ்டிக்கர் ஒட்டி வருகிற பேர் தெரியாத மெஷின்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், கணக்குப் போடலாம். சிலிண்டர் விட்டம் 45.2 மிமீ, பிஸ்டன் ஓட்டம் 34 மிமீ என்றால், சென்டிமீட்டரில் (0.785 என்பது பை மதிப்பில் கால் பங்கு): 4.52 × 4.52 × 0.785 × 3.4 = 54.5 சிசி. பெட்டியில் 62 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அவ்வளவுதான். இவை ஓடாது என்று சொல்லவில்லை, ஓடும். கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், பிஸ்டன் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு நல்லது. ஆனால் செயின் பிரேக்கைக் கடையிலேயே சோதித்துத்தான் வாங்க வேண்டும். மெஷினை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் முன்கவசத்தைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் அதைத் திருப்பி வைத்துவிட்டு வரலாம்.

25 ஜனவரி, சனி

பாரும் செயினும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

"22 இன்ச் பார் போட்டா சீக்கிரம் அறுக்குமாண்ணே?" அறுக்காது. செயின் நீளமானால் இழுக்க வேண்டிய சுமை கூடும், தீட்ட வேண்டிய பல் கூடும், ஆயில் மூக்கு வரை போகாது. 45 சிசிக்கு 16 இன்ச், மிஞ்சினால் 18. கருவைப் புதருக்குள் 16தான் நல்லது. பக்கத்துக் கொம்பில் பார் மூக்கு தட்டுகிற வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும்.

மாற்றுச் செயின் வாங்கப் போகும்போது "18 இன்ச் செயின்" என்று மட்டும் கேட்டால் பொருந்தாததும் கைக்கு வரும். மூன்று அளவு சொல்ல வேண்டும்.

பிட்ச்: செயின் கண்ணிகளின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவிட்டில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். மூன்று ரிவிட்டுக்கு 16.5 மிமீ வந்தால் அது .325 இன்ச், 19 மிமீக்கு ஒட்டி வந்தால் 3/8 இன்ச்.

கேஜ்: பார் பள்ளத்துக்குள் ஓடுகிற காலின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மிமீ என நான்கு உண்டு. 1.3 செயினை 1.5 பாரில் போட்டால் ஆடும், வெட்டு கோணலாகப் போகும்.

காலின் எண்ணிக்கை: ஒரு காலில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ண வேண்டும். 18 இன்ச் .325 பாரில் பல மெஷின்களுக்கு 72 வரும். சில கம்பெனிக்கு 68 அல்லது 74. எண்ணாமல் வாங்கினால் ஒன்று ஏறாது, அல்லது தொங்கும்.

26 ஜனவரி, ஞாயிறு

கரண்ட் மெஷின் பற்றி ஒரு வரி. கட்டையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து துண்டு போடுவது மட்டும்தான் வேலை என்றால் 2000 வாட் மெஷின் போதும். பெட்ரோல் செலவில்லை, சத்தம் குறைவு. 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் வயரை 0.75 சதுர மிமீயில் போட்டால் வயரிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாயங்காலம் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிற ஊரில் மோட்டார் உறுமி நின்றுவிடும். 1.5 சதுர மிமீ வயர், 16 ஆம்பியர் பிளக். ஈரத்தரையில் கூடாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

பெட்ரோல் கலவை. ஆயில் டப்பாவிலும் மெஷின் புத்தகத்திலும் போட்டிருக்கிற விகிதம்தான் கணக்கு. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்தான் ஊற்ற வேண்டும், பைக் எஞ்சினுக்கு ஊற்றுகிற 4டி ஆயில் ஆகாது. குத்துமதிப்பாக மூடியில் ஊற்றுகிறவர்கள் மருந்துக்கடையில் ஊசி போடுகிற 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் கோடு விழுந்து இறுகும். கூடினால் பிளக் கரியேறி, சைலன்சர் அடைக்கும்.

பங்க்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் மெஷின் அடம்பிடிப்பது அதனால்தான். கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் சவ்வும் விறைத்துப்போகும். அன்றன்றைக்கு ஒரு லிட்டர் கலந்தால் போதும்.

செயின் ஆயில் தனி டேங்க். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது ஊர்ப் பழக்கம். அதில் உள்ள இரும்புத் தூள் பம்ப்பைத் தேய்க்கும், ஒட்டாமல் தெறிக்கும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்க்கும் ஏறக்குறைய காலியாக வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் ஆயில் போகிற துளை அடைத்திருக்கிறது. சோதிக்க: பார் மூக்கை வெளிறிய கட்டைக்கு ஒரு சாண் மேலே பிடித்து முறுக்கினால் கட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

8 பிப்ரவரி, சனி. கள்ளிக்குடிப் பக்கம்

கைலி கட்டிக்கொண்டு மெஷினைத் தொடக்கூடாது, தோளில் துண்டும் கூடாது. செயின் சுற்றி இழுத்துவிடும். கனத்த பேன்ட், அடி கனமான ஷூ (கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும்), கண்ணாடி, காதுக்குப் பஞ்சாவது.

அருவாளால் மிளாரைக் கழித்து, நிற்க இடம் பண்ணிக்கொண்ட பிறகே மெஷின். பார் மூக்கின் மேல்பக்கக் கால்வாசி எதன் மீதாவது பட்டால் மெஷின் முகத்தைப் பார்த்து எத்தும். ஒரே தூரில் ஐந்து கொம்பு நிற்கிற கருவையில் இதுதான் முதல் ஆபத்து. அறுக்கிற கொம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பாரை வைக்க வேண்டும். இடது கைக் கட்டை விரல் பிடியைச் சுற்றி அடியில் இருக்க வேண்டும், மேலே மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கக் கூடாது.

இரண்டாவது, பார் மாட்டிக்கொள்வது. இரண்டு பக்கமும் தாங்கலோடு கிடக்கிற கட்டையை மேலிருந்து அறுத்தால் நடுவில் தொய்ந்து பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நேர்மாறு: முதலில் கீழே, பிறகு மேலே. மாட்டிக்கொண்டால் மெஷினை முறுக்காமல் அணைத்துவிட்டு, வெட்டில் ஒரு மர ஆப்பு இறக்கினால் விடும்.

தூரைத் தரையோடு ஒட்ட அறுக்கிற ஆசை வேண்டாம். ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். செயின் மண்ணை ஒரு விநாடி தொட்டால் போதும், அன்றைய கூர் அத்தோடு சரி. மழையில் நீர் தேங்கிய இடத்து மரத்தில் பட்டைக்குள் வண்டல் படிந்திருக்கும். அருவா முதுகால் தட்டி உதிர்த்துவிட்டு வைக்கலாம். அறுத்துவிட்ட தூர் மறுபடி தழைக்கும். அதை ஒழிக்க ஜேசிபிதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

தீட்டுவது. காய்ந்த கருவை எந்தச் செயினையும் சோதித்துவிடும். முடிந்தவரை பச்சையிலேயே அறுத்துவிட வேண்டும்.

கூர் போனதைத் தூள் சொல்லும். நல்ல செயின் துருவிய தேங்காய் போலச் சில்லு தள்ளும். மாவு போலக் கொட்டினால் நிறுத்திவிட வேண்டும். மாவு கொட்டும்போது அமுக்கி அறுக்கிறவர்கள்தான் பாரைக் கருக்குகிறார்கள்.

.325 செயினுக்கு 4.8 மிமீ உருண்டை அரம், பல் தாழ்ந்த சின்ன வகை 3/8க்கு 4 மிமீ. பாரை ஒரு கட்டையில் இறுக்கி, செயின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, பல்லின் மேல் உள்ள 30 பாகைக் கோட்டுக்கு இணையாக அரத்தை வைத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு, எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கம் முடித்து மெஷினைத் திருப்பி மறுபக்கம். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் எப்போதும் அழுத்தமாக விழும். பல் ஒரு பக்கம் குட்டையாகும், கட்டையில் வெட்டு வில்லாக வளையும். வளைகிற மெஷினைப் பலர் பார் கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள். பத்தில் எட்டுத் தடவை பல்தான் காரணம் என்பது என் கணிப்பு.

பல்லுக்கு முன்னால் உள்ள மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நாலைந்து தடவை தீட்டிய பிறகு அதைத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல்லைவிட 0.65 மிமீ கீழே இருக்கும்படி. வேகமாக அறுக்கட்டும் என்று அதற்கு மேல் இறக்கினால் செயின் கடித்து இழுத்து எத்தும்.

ரோட்டோர வேம்பு, புளியை அறுக்க நேர்ந்தால் ஆள் உயரத்தில் கவனம். விளம்பரத் தகடு அடித்த ஆணி பட்டைக்குள் மூடிக் கிடக்கும். தென்னை மரம் பார்க்க மெத்தென்று இருந்தாலும் செயினின் கூர்மையைத் தின்னும்.

15 மார்ச், சனி

வெயில் ஏறியாகிவிட்டது. சூடான மெஷினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து இழுத்தால் சில நேரம் கிளம்பாது. மறுபடி சோக் போடக் கூடாது. போட்டால் பெட்ரோல் ஏறி பிளக் நனையும். நனைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஸ்விட்சை அணைத்து வைத்து நாலைந்து தடவை இழுத்து, பிறகு மாட்டலாம். பெட்ரோல் ஊற்றின இடத்திலேயே கிளப்பாமல் பத்தடி தள்ளிப் போக வேண்டும். காய்ந்த புல்லும் சூடான சைலன்சரும் பக்கத்தில் பக்கத்தில்.

செயினை ஆறிய பிறகுதான் இறுக்க வேண்டும். சூட்டில் இறுக்கிவிட்டு வைத்தால் ஆறும்போது சுருங்கி கிராங்க்கை இழுக்கும். ஆக்சிலேட்டர் விட்ட பிறகும் செயின் ஓடினால் ஐடில் திருகைக் குறைக்கலாம்; அப்படியும் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

மூட்டை கட்டி வைக்கும் முன்: ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காய வைத்து மாட்ட வேண்டும். டேங்க்கைக் காலி பண்ணி, தானாக அணைகிற வரை ஓடவிட வேண்டும். பாரைக் கழற்றி, பள்ளத்தில் இறுகிய தூளை பழைய ஹேக்ஸா பிளேடால் சுரண்டி, தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் மட்டும் தேய்வதைத் தவிர்க்க இது ஒன்றே வழி.

அடுக்கின விறகு: வெந்நீர் அடுப்புக்கு ஒரு அடித் துண்டு, கோட்டை அடுப்புக்கு இரண்டரை அடி. தடித்தது எல்லாம் பச்சையிலேயே பிளந்தாயிற்று. அடியில் செங்கல் வைத்து, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில். கரையானுக்கு அது போதவில்லை என்றால் செங்கல்லைச் சுற்றிச் சாம்பல்.